சுகுணாவோட நெஞ்சு

கொஞ்சம் நகர்ந்துக்கறியாம்மா? அப்பாடா. இரு, மூச்சு வாங்கிக்கறேன். லிஃப்ட்ல போகலாம்க்கான்னு அவ கெஞ்சினா. நான்தான் வீம்புக்குப் படி ஏறினேன். நோயாளி அவ, நான் துணைக்கு வந்தவ. எனக்கு எதுக்கு லிஃப்ட்டு? அவளும் விடாம என் கூடவே ஏறி வர்றா, என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு! பாக்கறவங்க யாரை நோயாளின்னு நினைப்பாங்க, நீயே சொல்லு.

அதோ, உள்ள போறா பாரு, மாம்பழக் கலர் புடவை, அவதான். சுகுணா. என் கொழுந்தனார் பொண்டாட்டி, எனக்கு ஓர்ப்படி. பண்ருட்டியில எங்க வீடும் அவங்க வீடும் ஒரே சுவரு. இந்தப் பக்கம் நான் தாளிச்சா அந்தப் பக்கம் அவ தும்முவா. உனக்கு யாரும்மா உள்ள? மாமனாரா? எத்தனை அடைப்பாம்? சரி சரி, கவலைப்படாதே. பாண்டிச்சேரியில இந்த ஆஸ்பத்திரியிலதான் நெஞ்சுக்கு நல்லாப் பாக்கறாங்கன்னு சொல்றாங்க.

இவளுக்கு ஒண்ணுமில்ல. அதுதான் வேடிக்கையே. ஒண்ணுமில்லாதவளுக்கு மூணாவது தடவையா வந்திருக்கோம்.

முதல்லயே சொல்லிடறேன், எனக்குப் பொறாமையெல்லாம் கிடையாது. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அவளை என் கூடப்பிறந்தவ மாதிரிதான் பாத்தேன். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?

எல்லாம் அந்த வாட்ச்சால வந்தது. அவ பையன் தினகர் சிங்கப்பூர்ல இருக்கான். போன பொங்கலுக்கு வந்தவன் அம்மாவுக்கு ஒரு வாட்ச்சு கொண்டாந்தான். சுகுணாவோட அப்பா மாரடைப்புல போனவரு, அதனால பையனுக்குப் பயமாம். அந்த வாட்ச்சு நேரம் மட்டும் காட்டாது, நெஞ்சு எப்படி அடிக்குதுன்னும் காட்டுமாம். தாளம் தப்பி அடிச்சா உடனே கையில கிர்ருன்னு அதிருமாம். அதோட விடாது, சிங்கப்பூர்ல அவன் போனுக்கும் சேதி போயிடுமாம். ரோஸ் கலர் பட்டை, ஓரத்துல தங்க நிறம். கையைத் தூக்கினா தானா வெளிச்சம் வரும்.

அவ்வளவுதான், எங்க தெருவுல ஒரு மாசத்துக்கு அதே பேச்சு. பால்காரர் கேக்கறாரு, கோயில் குருக்கள் கேக்கறாரு. "சுகுணாம்மா, இப்ப உங்க நெஞ்சு எத்தனை?" இவளும் கையைத் தூக்கிப் பாத்து, "எழுபத்திரண்டு"ம்பா. என்னமோ பரிட்சையில வாங்கின மார்க்கு மாதிரி!

எனக்கும்தான் என் பொண்ணு பொங்கலுக்கு வாங்கிக் குடுத்தா. ஹாட்பாக்ஸ். நல்ல ஹாட்பாக்ஸ்தான், குறை சொல்லல. ஆனா ஹாட்பாக்ஸைக் கையில கட்டிக்கிட்டு தெருவுல நடக்க முடியுமா?

நெஞ்சுன்னா அவளுக்கு மட்டும்தான் இருக்கா? எனக்கும் ரொம்ப நாளா உண்டு. திடீர்னு உள்ள கோழி ரெக்கையை அடிச்சுக்கற மாதிரி படபடன்னு அடிச்சுக்கும். அடிச்சு, ஒரு நிமிஷம் சும்மா இருந்து, மறுபடி அடிக்கும். கண்ணு இருட்டும். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா என்ன கேப்பாரு தெரியுமா? "இன்னிக்கு சுகுணா வீட்டுல என்ன வாங்கினாங்க?"ம்பாரு.

பாரேன் அநியாயத்தை. சரி, அன்னிக்கு அவங்க ரெண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கினது நெசம்தான். அதுக்கு முன்னால ஒரு தடவை வந்தப்ப அவ பையனுக்கு வேலை உயர்வு. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? "உனக்கு வந்திருக்கறது நெஞ்சுப் படபடப்பு இல்லடி தவமணி, வயித்தெரிச்சல்"னு சொல்லிட்டு பேப்பரை விரிச்சுக்குவாரு. அந்த வார்த்தை அப்படியே வீட்டுல ஒட்டிக்கிச்சு. நான் நெஞ்சைப் பிடிச்சா என் பொண்ணுகூட, "என்னம்மா, சித்தி வீட்டுல புதுசா என்ன?"ன்னு சிரிப்பா. தெருக்கோடி டாக்டர்கிட்ட போனேன். அங்கயும் இவரே முந்திக்கிட்டு, "வயித்து எரிச்சல் சார்"ன்னாரு. டாக்டரு கேஸுக்கு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. இன்னமும் அதைத்தான் முழுங்கிக்கிட்டிருக்கேன். அப்பப்ப ஓமத் தண்ணி.

அதை விடு. நடந்ததைச் சொல்றேன்.

என் பொண்ணு வினோதினிக்கு வளைகாப்பு. எனக்கு ஒரே பொண்ணு, கல்யாணம் ஆகி வருஷக்கணக்கா காத்திருந்து தங்கினது. மண்டபம் பிடிச்சு, மேளம் வெச்சு, ஏழு வகை சோறு. அன்னிக்காவது எல்லாரும் என் பொண்ணைப் பாக்கணும், அவளைப் பெத்தவளைப் பாக்கணும். இதுல என்ன தப்பு?

இவ என்ன பண்ணா, சோறு கிளற உக்காந்தா. நல்லா கிளறுவா, இல்லேங்கல. புளிச்சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி வாட்ச்சைக் கழட்டி, "அக்கா, எண்ணெ படும், கொஞ்சம் பீரோவுல வெச்சிருங்க"ன்னு என் கையில குடுத்தா.

உன்கிட்ட சொல்றதுக்கென்ன, நீ யாரோ நான் யாரோ. பீரோவுல வைக்கத்தான் மணமக ரூமுக்குப் போனேன். போனவ, சும்மா ஒரு தடவை கட்டிப் பாத்தேன். கச்சிதமா இருந்துச்சும்மா. நகையை ஒருத்திக்கொருத்தி இரவல் போட்டுக்கறது இல்லியா? என் கல் வளையலை அவ எத்தனை விசேஷத்துக்குப் போட்டிருக்கா! அப்படியே கட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். அவ பின்கட்டுல சோத்துல முழங்கை வரைக்கும் மூழ்கியிருக்கா, அவளுக்குத் தெரியப் போறதில்ல.

அந்தக் கொஞ்ச நேரம்... எப்படிச் சொல்றது. சம்பந்தியம்மா கேட்டாங்க, "அட, உங்க பொண்ணு வாங்கிக் குடுத்ததா?"ன்னு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. சிரிச்சேன். என் பொண்ணுக்குச் சந்தனம் பூசறப்ப, வளையல் அடுக்கறப்ப, ஆரத்தி எடுக்கறப்ப எல்லாம் இடது கையைத் தூக்கித் தூக்கி வெச்சேன். வெளிச்சம் வரணும்ல?

கடைசியில ஆரத்தித் தட்டை வாசல்ல கொட்டப் போறேன், கோழி வந்துருச்சு. நெஞ்சுக்குள்ள ஒரே அடி. தூணைப் பிடிச்சுக்கிட்டேன். கையில வாட்ச்சு கிர்ரு கிர்ருன்னு அதிருது. பாத்தா செவப்பா ஒரு இதயம், கீழே இங்கிலீஷ்ல என்னமோ எழுத்து. ஐயையோ, கெடுத்துட்டோமேன்னு கழட்டி, முந்தானையில துடைச்சு, நேரா பின்கட்டுக்குப் போய், "இந்தாடி உன் வாட்ச்சு, பீரோவுல பத்திரமா இருந்துச்சு"ன்னு குடுத்துட்டேன். அவளும் கையைக் கழுவிட்டுக் கட்டிக்கிட்டா.

பந்தி போட்டு ரெண்டாவது வரிசை உக்காந்திருக்கும். கொழுந்தனாருக்கு சிங்கப்பூர்லேருந்து போன். "அப்பா, வேலையில இருந்தேன், இப்பத்தான் பாத்தேன். அம்மாவோட நெஞ்சு தாளம் தப்பி ஓடுதுன்னு வந்திருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

அவ்வளவுதான்! கொழுந்தனார் அலறினாரு. சுகுணாவுக்கு வேர்த்துக் கொட்டுது. காலையில கட்டியிருந்தப்பவே தாளம் தப்பியிருக்கும் போலன்னு அவளே நினைச்சுக்கிட்டா. எவளுக்காவது உன் நெஞ்சு சரியில்லன்னு சொன்னா வேர்க்காதா? நாற்காலியில சாய்ச்சாங்க, விசிறினாங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் எலையை விட்டு எழுந்து ஓடி வந்துட்டாங்க. மண்டபத்து வாசல்ல ஆம்புலன்ஸ்! என் பொண்ணு மணையில தனியா உக்காந்திருக்கா, கை நிறைய வளையலோட, சுத்தி ஒருத்தர் இல்ல. எங்க வீட்டுக்காரர் செருப்பில்லாம ஆம்புலன்ஸ்ல ஏறினாரு. என் கண்ணால பாத்தேன். எங்கம்மா கோலம் போட உக்காந்தவங்க ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு சாஞ்சப்ப, மாட்டுவண்டிகூட நேரத்துக்குக் கிடைக்கல. இவளுக்கு சைரன்.

நீ கேக்கலாம், நான்தான் கட்டியிருந்தேன்னு அப்பவே ஏன் சொல்லலைன்னு. சொன்னா என்ன ஆகும்? சம்பந்தியம்மா முன்னாடி என் மானம் போகும். அதோட, நான் கட்டியிருந்தா என்ன? வாட்ச்சு அவளோடது. அவ பேருலதான் பதிஞ்சிருக்கு. அவ போன் என் கையில இருந்தா எனக்கா அழைப்பு வரும்? அவளுக்குத்தானே வரும்? அது மாதிரி, அவ வாட்ச்சு யாரு கையில இருந்தாலும் அவ நெஞ்சைத்தான் காட்டும். அப்படின்னுதான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

இங்க கூட்டிட்டு வந்தாங்க. படம் எடுத்தாங்க, ஒண்ணுமில்ல. ஆனா தாளம் எப்பவாவதுதான் தப்பும், அதைக் காத்திருந்துதான் பிடிக்கணும்னு நெஞ்சுல ஒரு ஒட்டி ஒட்டி அனுப்பினாங்க. இடது தோள்பட்டைக்குக் கீழே, பிளாஸ்திரி மாதிரி, நடுவுல ஒரு சின்ன டப்பி. ரெண்டு வாரம் அது அவ நெஞ்சைப் பாத்துக்கிட்டே இருக்கும்.

அந்த ரெண்டு வாரம் நான் பட்ட பாட்டைக் கேளு. சுகுணா குனியக் கூடாது. சுகுணா துணி துவைக்கக் கூடாது. உப்பில்லாத சமையல் யாரு செய்யணும்? நான். எங்க வீட்டுக்காரர் தினமும் காலையில இளநீர் வாங்கிக்கிட்டு நேரா அந்த வீட்டுக்குப் போறாரு. "ராத்திரி தூங்கினியாம்மா சுகுணா? மூச்சு முட்டலியே?" என்னைக் கட்டின நாள்லேருந்து ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, "தவமணி, தூங்கினியா?"ன்னு அந்த வாயிலேருந்து வந்திருக்குமா? சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு கேப்பேன். கேக்கக் கேக்க எனக்குக் கோழி அடிச்சுக்கும். யார்கிட்ட சொல்றது? சொன்னா வயித்தெரிச்சல்ம்பாங்க. சரிதான், எரிஞ்சுதுதான். மனுஷிக்கு எரியாதா?

போன வாரம் ஒட்டியை எடுத்துப் பாத்தாங்க. ரெண்டு வாரத்துல ஒரு துடிப்புகூட தப்பலியாம். "மணி மாதிரி அடிக்குது"ன்னாராம் டாக்டரு. அப்ப அன்னிக்கு அது எப்படின்னு எல்லாருக்கும் குழப்பம். வாட்ச்சு பொய் சொல்லுதுன்னேன் நான். முடிஞ்சுது கதைன்னு நிம்மதியா இருந்தேன்.

அப்புறம்தான் வளைகாப்பு வீடியோ வந்துச்சு. எல்லாரும் என் பொண்ணைப் பாத்தோம். இவ மட்டும் மறுநாள் எங்க வீட்டுக்கே வந்து தனியா உக்காந்து, நிறுத்தி நிறுத்திப் பாக்கறா. தன் மூஞ்சி எப்படி விழுந்திருக்குன்னு பாக்கறான்னு நினைச்சேன். திடீர்னு கேட்டா, "அக்கா, அன்னிக்கு வாட்ச்சை எங்க வெச்சிருந்தீங்க?" "பீரோவுலதான்"னேன். வீடியோவை நிறுத்திட்டா. என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம், "உங்களுக்கு அந்தப் படபடப்பு இன்னும் வருதாக்கா?"ன்னா. என்னைக் குத்திக் காட்டறா பாரு!

இன்னிக்கு மறுபடி டாக்டரைப் பாக்கணும், அக்காதான் துணைக்கு வரணும்னு ஒரே பிடிவாதம். ஏன், அவ புருஷன் இல்லியா? "ஆதாரும் எடுத்துக்கோங்கக்கா, கேட்டாலும் கேப்பாங்க." துணைக்கு வர்றவளுக்கு எதுக்கு ஆதாரு? "ஒண்ணும் சாப்பிடாம வாங்கக்கா, மணக்குள விநாயகரைப் பாத்துட்டு சாப்பிடலாம், வேண்டுதல்." சரின்னு வெறும் வயித்தோட வந்தேன். பிள்ளையார் கோயிலு அந்தக் கோடியில இருக்கு, இவ என்னை நேரா இங்க இழுத்துட்டு வந்துட்டா. நான் பட்டினி. அவ கண்டிப்பா நாலு இட்லி முழுங்கிட்டுத்தான் வந்திருப்பா. பஸ்ல ஜன்னலோர சீட்டை எனக்குக் குடுத்தா. பையை நான் தூக்கக் கூடாதுன்னு பிடுங்கிக்கிட்டா. இந்தப் பாசம் எல்லாம் ஊருக்குக் காட்ட. எனக்குத் தெரியாதா?

என்னம்மா? கூப்பிடறாங்களா? தவமணியா? நான்தான் தவமணி. இல்லம்மா சிஸ்டர், நான் துணைக்கு வந்தவ. பேஷண்ட்டு அவ. சுகுணா. ஏதோ மாத்தி எழுதியிருக்காங்க பாரு... சரி, வர்றேன், இழுக்காதே. ஏம்மா, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோ. வந்துடறேன்.

*

இங்கயேதான் இருக்கியா? உன் மாமனாரை இன்னும் விடலியா? நல்லவேளை. உக்காந்துக்கறேன். இல்ல இல்ல, மெதுவாத்தான் வந்தேன். சக்கர நாற்காலியில கொண்டாந்து விட்டாங்க.

இதைப் பாரு. இடது தோளுக்குக் கீழே. ஆமா, அதே ஒட்டிதான். எனக்கு.

உள்ள போனா, என் பொண்ணு வயசுல ஒரு டாக்டரம்மா. அவ மேஜையில சுகுணாவோட போன், அதுல என் பொண்ணு வளைகாப்பு வீடியோ ஓடுது! நிறுத்தி வெச்சிருக்காங்க. ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கிட்டு நான் நிக்கறேன், என் இடது கையில ரோஸ் கலர் வாட்ச்சு. "எந்த இடத்துல பாத்தாலும் அக்கா கையில இருக்கு டாக்டர்"ங்கறா இவ. "ஒவ்வொரு படத்துலயும் கையைத் தூக்கிக் காட்டியிருக்காங்க." பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சும்மா.

நான் விடல. "அம்மா, அந்த வாட்ச்சு சுகுணாவோடது. அது காட்டினது சுகுணாவோட நெஞ்சு, என்னோடது இல்ல"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "வாட்ச்சுக்குப் பேரு தெரியாதும்மா. கட்டியிருக்கற கை மட்டும்தான் தெரியும்"னா. அப்புறம் படுக்க வெச்சு, கை கால் நெஞ்செல்லாம் கிளிப்பு மாட்டினாங்க. காகிதம் ஓடுது, ஓடுது. அந்தப் பொண்ணு சிரிப்பை நிறுத்திடுச்சு.

படி ஏறினதுலேருந்து கோழி அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, உன்கிட்ட சொல்லல. அந்தக் கோழிதானாம்மா அது. அதுக்குப் பேருதான் தாளம் தப்பறது. அப்படி அடிக்கறப்ப ரத்தம் உள்ளயே தேங்கி உறைஞ்சு போகுமாம். அந்த உறைஞ்ச துண்டு மூளைக்குப் போனா கை கால் இழுத்துக்குமாம். எங்கம்மா மாதிரின்னு கேட்டேன். அப்படியும் இருக்கலாம்னாங்க. அடுத்த மாசம் என் பொண்ணுக்குப் பிரசவம். நான் இழுத்துக்கிட்டுக் கிடந்தா அவளுக்கு யாரு பத்தியச் சோறு போடுவா? குழந்தையை யாரு குளிப்பாட்டுவா? அது மட்டும்தான் நினைப்பு வந்துச்சு. நேரத்துல வந்துட்டீங்க, ரத்தம் உறையாம மாத்திரை இருக்கு, பயப்படாதீங்கன்னாங்க. இது எத்தனை நேரம் இப்படி ஓடுதுன்னு பாக்கத்தான் ஒட்டி. ரத்தம் எடுத்தாங்க. வெறும் வயித்துல வந்ததும் நல்லதுன்னாங்க. அதுக்குத்தான் பிள்ளையாரை இழுத்திருக்கா திருட்டுக் கழுதை!

இவ எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, என் காதுல வெச்சா. அந்த மனுஷன் எங்க இரும்புக் கடையில இருந்தாரு. கடையில யாரோ ஆணி கேக்கறது கேக்குது. அப்புறம், "தவமணி... நான் வயித்தெரிச்சல்னு சொன்னேனே"ன்னாரு. குரல் உடைஞ்சு போச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழலாம்னு திரும்பறேன், இவ எனக்கு முன்னாடியே தேம்பித் தேம்பி அழறா. நர்ஸு அவளுக்குத் தண்ணி குடுக்குது, டாக்டரம்மா அவ முதுகைத் தடவுது. நோய் எனக்கு!

சொல்லும்மா, இது நியாயமா? எனக்குன்னு வாழ்நாள்ல ஒரு பெரிய நோய் வந்துச்சு. அதைக் கண்டுபிடிச்ச பேரும் அவளுக்குத்தான். இனிமே சாகற வரைக்கும் பண்ருட்டி பூரா என்ன பேசும்? "சுகுணா மட்டும் இல்லேன்னா தவமணி இந்நேரம்..." அதைக் கேட்டுக்கிட்டே நான் உயிரோட இருக்கணும்.

இங்க பாரு கையை. வாட்ச்சையும் கழட்டி எனக்கே கட்டி விட்டுட்டா. "பேரை மாத்தச் சொல்லி தினகர்கிட்ட சொல்லிட்டேன்க்கா, இனிமே இது உங்களுக்குத்தான்"ங்கறா. இரவல் இல்ல, எனக்கே.

அதோ வர்றா, கீழே போயி இட்லிப் பொட்டலம் வாங்கிக்கிட்டு. கொஞ்சம் தள்ளிக்கோம்மா, அவ உக்காரட்டும். என்னடி, ஒரு பொட்டலத்தை எனக்குக் குடுத்துட்டு இன்னொண்ணை நீ பிரிக்கறே? காலையில சாப்பிடல? எதுக்குடி நீ பட்டினி கிடந்தே? உனக்கா ரத்தம் எடுக்கறாங்க?

கேட்டியாம்மா இவ சொல்றதை? "உங்களைப் பட்டினி போட்டுட்டு எனக்கு எப்படிக்கா இறங்கும்?"ங்கறா.

இப்படி ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தா, எப்படிம்மா பொறாமைப்படாம இருக்கறது?